எலும்பு பிடிக்கும் வரை

"என் பல்லுக்கு ஒரு தேதி சொல்லுங்க டாக்டர்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே நர்ஸக்கா சொல்லியிருந்தார். லீவு கேள், ஃபேன் ஓடவில்லை என்று சண்டைகூடப் போடு, தேதி மட்டும் கேட்காதே. அக்கா அதிகம் பேசாதவர். மாஸ்க்கைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் குடிப்பார். அவ்வளவு சுத்தக்காரர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் இன்று கேட்டே ஆக வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். பல்லை நினைத்து இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு முறை தள்ளிப்போட வேண்டுமானால், என்றைக்கு வருவாள் என்று சொல்லியாக வேண்டும்.

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பரீட்சைக்கு ஓடியபோது பஸ் படியில் விழுந்து, மேல்வரிசை முன்பல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போய்த்தான் அந்தப் பட்டத்தை வாங்கினாள். பல் போன இடத்தை அப்படியே விட்டதில் தாடை எலும்பும் கரைந்து, செயற்கைப் பல்லின் திருகை முடுக்க இடமில்லாமல் போய்விட்டது. டாக்டர் ஈறைக் கீறி, எலும்புப் பொடியை நிரப்பித் தைத்தார். எல்லாம் இலவசம். ஒரே நிபந்தனை, எலும்பு பிடிக்கும்வரை அவள் வரவேற்பு மேஜையில் உட்கார வேண்டும். பிடித்ததும் பல்லை மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அது ஆயிற்று இரண்டு வருஷம். மற்றவர்களுக்கெல்லாம் ஆறே மாதத்தில் பிடித்தது.

"இன்னும் பிடிக்கலம்மா" என்றார் டாக்டர், அவள் மாஸ்க்கைக்கூடக் கழற்றச் சொல்லாமல்.

நாற்காலியில் அதே அறுவை சிகிச்சைக்காகப் படுத்திருந்த மரக்கடைக்காரர் தலையைத் தூக்கினார். "என்ன பிடிக்கல? வேலையா?"

"எலும்பு" என்றாள் அவள்.

டாக்டர் அவசரமாகக் குறுக்கே வந்தார். இந்தப் பெண் கோபக்காரி, கோபக்காரர்களுக்கு ரத்தம் சூடு, அவர்களுக்கு எலும்பு பிடிக்க நாளாகும், மற்றபடி ஒன்றுமில்லை என்று விளக்கினார். மரக்கடைக்காரர் யோசித்தார். அன்று காலையில்தான் அவர் தன் டிரைவரை அறைந்துவிட்டு வந்திருந்தார். நெஞ்சில் கட்டிய துண்டோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

போனவரைக் கூட்டி வரும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் மனைவியின் உத்தரவு. வரவேற்பறையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம், ஆறு மாதத்தில் கண்டிப்பாகப் பிடித்துவிடும் என்று அவள் சொன்னாள்.

"உனக்கு எத்தனை மாசமாச்சு?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். "ரெண்டு வருஷம்."

காத்திருந்தவர்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. கன்னம் வீங்கியிருந்த ஒருவர், வலி குறைந்துவிட்டது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு நழுவினார்.

டாக்டர் மனைவி அவளை உள்ளே இழுத்து, கண்ணாடி அலமாரியிலிருந்து மாதிரிப் பல் ஒன்றை எடுத்து, மெழுகு வைத்து ஓட்டையில் ஒட்டி, போய்ச் சிரி என்றார். அவள் போய்ச் சிரித்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பாருங்க சார்" என்றாள். 'சார்' போன வேகத்தில் பல்லும் போய் மரக்கடைக்காரரின் துண்டில் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, மூடிவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் போயிற்று.

"கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க மாட்டியா?" என்றார் டாக்டர் மனைவி.

"எந்தப் பல்லை மேடம்?"

அம்மாவுக்குப் போன் செய்தாள். படித்த திமிரை அங்கே காட்டாதே, இந்தக் காலத்தில் சும்மா யார் எலும்பு வைப்பார்கள், போய்க் காலில் விழு என்றாள் அம்மா. அவள் நாக்கால் ஈறை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகவே அப்படித்தான் இருந்தது. ஆனால் அவள் படித்தது வரலாறு. பிடித்ததா இல்லையா என்று டாக்டர்தானே சொல்ல வேண்டும். இதற்காகவா படித்தோம் என்று இருந்தது. ஊரார் எலும்பெல்லாம் பிடிக்கிறது, தன்னுடையது மட்டும் தன் தலையெழுத்தைப் போலவே ஒட்டாமல் நிற்கிறது.

மணி இரண்டரை. மாஸ்க்கைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். சான்றிதழ்ப் பையை எடுத்தாள். ஓட்டையோடு போய் உட்கார வேண்டியதுதான். சிரித்தால் சிரிக்கட்டும்.

"வாசல் தாண்டினா உனக்குப் பல்லு கிடையாது" என்றார் டாக்டர் மனைவி.

"வச்சுக்கங்க மேடம்."

பாதிப் படி இறங்கியிருப்பாள். அவள் மறந்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டு நர்ஸக்கா ஓடி வந்தார். அதுவரை கல்லாக இருந்தவள் அவரைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா எலும்பு பிடிச்சிருக்குமோக்கா?"

அக்கா ஒருமுறை மேலே திரும்பிப் பார்த்தார். பிறகு தன் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். மேல்வரிசையில், அதே இடத்தில், அதே ஓட்டை.

"எனக்குப் பிடிச்சு ஒம்பது வருஷம் ஆச்சும்மா."