சேறு படாத சேவைத் தலைவர்

சேவைச் சங்கத் தலைவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கொளுத்தும் வெயிலிலும் கோட்டுப் போட்டுத் திரியும், மைக்கைக் கண்டால் தொண்டையைச் செருமும், நரைத்த தலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு "இளைஞர்களே!" என்று கூவும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த இனத்தின் அசல் பிரதிநிதி வெங்கிடாசலம். அவருடைய சங்கத்தில் ஆகக் குறைந்த வயது ஐம்பத்தெட்டு. ஜூனுக்குள் முப்பது வயதுக்குக் கீழே பத்துப் பேரைச் சேர்த்தால் மாவட்டக் கேடயம். கேடயம் கிடைத்தால் மாவட்டத் தலைவர் நாற்காலி. அந்த நாற்காலியை நினைத்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. இளைஞர்களை இழுக்க என்ன வழி? சமூகப்பணி! மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் நாறிக் கிடந்த வாய்க்காலைத் தூர்வாருவதென்று தீர்மானம் போட்டார்.

ஞாயிறு காலை ஏழுக்கே பதினான்கு பேர் வந்து நின்றார்கள். கிடங்கில் மூட்டை தூக்கும் ராசப்பனும் அவன் கூட்டி வந்த இளவட்டங்களும். மழைக்காலம் பிறந்தால் அந்தச் சாக்கடை அவர்கள் வீட்டுக்குள்தான் வரும். ராசப்பன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனான்.

"நில்லு, நில்லு! சீஃப் கெஸ்ட் வந்து ரிப்பன் வெட்டாம எப்படி இறங்கறது?" என்று பதறினார் வெங்கிடாசலம்.

"சாரே, பத்து மணிக்குக் காயல் வெள்ளம் கேறி வாய்க்கால் நிறைஞ்சுடும். அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்காது."

"வெள்ளத்தைச் செத்த பொறுக்கச் சொல்லேன். போட்டோகிராபரும் வரணுமோல்லியோ?"

பிரார்த்தனை, வரவேற்புரை, வரவேற்றவருக்கு நன்றி, நன்றி சொன்னவருக்குப் பொன்னாடை, பதினொன்றரைக்கு வந்து சேர்ந்த விருந்தினர், 'இன்றைய இளைஞர்கள் சோம்பேறிகள்' என்று அவர் முக்கால் மணி நேரம் ஆற்றிய உரை, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. வாய்க்கால் கரைதொட்டு நிரம்பியிருந்தது. விருந்தினர் மண்வெட்டியால் தண்ணீரையே ஒரு வெட்டு வெட்டினார். படம் எடுத்தாயிற்று. வெட்கங்கெட்ட இனம் அது! உறுப்பினர் படிவங்களோடு வெங்கிடாசலம் திரும்பிப் பார்த்தால், பதினான்கு பேரையும் காணோம்.

அடுத்த ஞாயிறு, தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து, யாருக்கும் சொல்லாமல் அவர்களே இறங்கிவிட்டார்கள். சேதி கேட்டு ஓடிவந்த வெங்கிடாசலம் கரையில் நின்று, "சங்கத்துல சேர்ந்துடுங்கோப்பா" என்று கெஞ்சினார்.

முழங்கால் சேற்றில் நின்ற ராசப்பன் கூடையை நீட்டினான். "சேரலாம் சாரே. இனி நாலடிதான் பாக்கி. நீங்களும் இறங்குங்க. முடிச்சிட்டு பதினாலு பேரும் உங்க படிவத்துல ஒப்புப் போடறோம்."

வெங்கிடாசலம் சேற்றைப் பார்த்தார். பாலிஷ் போட்ட ஷூவைப் பார்த்தார். கேடயம் அந்த வருஷம் ஆலுவா சங்கத்துக்குப் போயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ராசப்பன் இப்போது கூடையை உங்கள் பக்கம் நீட்டுகிறான். நீங்கள் ஏன் குனிந்து செருப்பைப் பார்க்கிறீர்கள்?