தாத்தா முட்டியும் நாலு மாடிப் படியும்

எங்க வீட்டுக்காரர் தெய்ஸோவோட முட்டிக்கு மழைன்னா ஆகாதாம். ஜப்பான்ல, நாகோயா ஊர்ல நாலாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் காலைல எட்டு மணிக்குள்ள குப்பைய கீழ கொண்டு போகணும். வானத்துல ஒரு மேகம் எட்டிப் பாத்தா போதும், மனுஷன் முட்டியப் புடிச்சிட்டு உக்காந்துருவாரு. குப்பை என் தலையில. என் இடுப்பு போன கதை தனி, மூத்தவ பொறந்தப்போ... சரி, அத விடுங்க.

இந்தக் கோடை லீவுக்கு, நாலாவது படிக்கிற பேத்தி சியோரிக்கு ஆராய்ச்சி வீட்டுப்பாடம். இவரு உடனே புடிச்சுக்கிட்டாரு.

"என் முட்டிய ஆராய்ச்சி பண்ணு கண்ணு. மழைதான் காரணம்னு எழுதி உங்க பாட்டி மூஞ்சிக்கு நேரா நீட்டு!"

மழை நாள்ல, ஆராய்ச்சிக்காக, குப்பையோட இறங்குனாரு. சியோரி படியில நின்னு எண்ணுனா. பதினாலு 'ஐயோ'. வெயில் நாள்ல தூண்டிலோட இறங்குனாரு. ஒண்ணுகூட இல்ல.

"பாத்தியாடி? மழைதான்!"

"இல்ல தாத்தா, மழையும் மாறிடுச்சு, கையில இருந்ததும் மாறிடுச்சு. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்னு டீச்சர் சொன்னாங்க."

"அதெல்லாம் சின்ன விஷயம். மழைன்னே எழுது!"

அடுத்த மழைக்கு நான் அவரோட மீன்புடி கூட்டாளி குமகாய்க்கு போன் போட்டேன். அந்த ஆளு ஒருதடவ தும்முனதுல பல்செட்டே ஆத்தோட போயிடுச்சு, ஒரு மீனுதான் அத மாட்டிக்கிட்டு சிரிச்சிட்டு திரியுதுன்னு ஊரே சொல்லும். அவரு இவருக்கு போன் அடிச்சு, "தெய்ஸோ, மீன் துள்ளுதுய்யா, ஓடியா!" ன்னாரு.

கொட்டுற மழை. அதே காலை நேரம், அதே படி. தூண்டிலோட ரெண்டு ரெண்டு படியா தாவுனாரு. சியோரி நோட்டுல பெரிய முட்டை.

செப்டம்பர்ல ஸ்கூல் ஹால்ல சியோரி எழுதுன அட்டைய ஒட்டிட்டாங்க. 'தாத்தா முட்டி வலிக்குக் காரணம் மழை இல்லை. குப்பைப் பை.' எங்க பிளாக் பொம்பளைங்க எல்லாம் வரிசையில நின்னு படிச்சாங்க.

இவருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

"இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? ஒரே ஒரு தடவ பாத்துட்டு முடிவு கட்டிருவியா? திரும்பத் திரும்ப செஞ்சு பாக்க வேணாமா?"

"டீச்சரும் அதத்தான் தாத்தா சொன்னாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

ஸ்கூல் வருஷம் முடியிற மார்ச் வரைக்கும் ஆராய்ச்சி நடக்குது. மழையோ வெயிலோ, குப்பை அவரு கையிலதான்.