காப்பி சூடாக இருந்த விவகாரம்

லூலியோ,
மார்ச் மாதம், ஞாயிறு.

மரியாதைக்குரிய மதினி சிக்னி அவர்களுக்கு,

தம்பி மனைவி மாய்கென் வணங்கி எழுதுவது. இங்கே நானும் கடல் பனியும் இதுவரை உடையாமல் இருக்கிறோம். அங்கே மழையும் தங்கள் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று போனில், "உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா? இன்டர்நெட் கம்பெனிக்கு நீ தேவதூதனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். எனக்குப் படிப்பு கம்மி, பேச்சில் உங்களை ஜெயிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். நான் யாருக்கும் தேவதூதன் இல்லை. எல்லாம் காப்பியால் வந்தது.

உங்கள் தம்பி ஆல்கோட்டை அடக்கம் செய்த மறுவாரம் துவா என்று ஒரு பெண் வந்தாள். கடல் பனி எங்கே ஆளைத் தாங்கும், எங்கே தாங்காது என்று போனில் சொல்கிற கம்பெனி அவளுடையது. "உங்க வீட்டுக்காரர் எங்களுக்கு தேவதூதர்ம்மா"ன்னா. "ஆமாம்மா, அவர் கண்ணை மூடின புதன்கிழமையிலேர்ந்து"ன்னேன். அவள் முழித்தாள். புதுக் கம்பெனிக்கு முதன்முதலில் பணம் போடுகிறவரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். உயிரோடு இருக்கும்போதே இந்த மனுஷனுக்கு அந்தப் பதவி கிடைத்திருக்கிறது. என்னிடம் மட்டும் புதுப் பனிவண்டிக்குச் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பணம் மட்டுமா, குரலையும் கொடுத்திருக்கிறார். காலையில் போனைத் தொட்டால், "இன்னிக்கு தாங்கும், போய்ட்டு வாங்க" என்கிறார். பனி மெலிந்த நாளில், "வீட்லயே இருங்க, காப்பி போடுங்க" என்கிறார். நாற்பது வருஷம் என்னிடம் பேசாத அளவுக்கு ஊராரிடம் பேசுகிறார்.

போன வாரம் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். அவர் பங்கைத் திருப்பி வாங்கிவிடுவது என்று உறுதியாகத்தான் போனேன். ஸ்டாக்ஹோமிலிருந்து கிளாஸ் என்று ஒரு பெரிய முதலீட்டுக்காரர் வந்திருந்தார். வாசலில் எல்லோரும் பூட்ஸைக் கழற்றினோம், அவருடைய பெருவிரல் காலுறையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது, அவர் கோடிகளைப் பற்றிப் பேசப் பேச நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "முன்ன மாதிரி இல்லைங்க. அப்பல்லாம் ஒரு பேரும் நாலு படமும் காட்டினா பணம் கொட்டும். இப்ப நம்ம வடக்கு நாடு பூராவும் பையை இறுக்கிட்டாங்க. செயற்கை அறிவுன்னா தர்றாங்க, பனிக்கு யார் தருவா? இது ஒத்தைக்கொம்புக் குதிரையா வளருமா, சொல்லுங்க" என்றார். ராட்சசத்தனமாக வளர்ந்த கம்பெனிக்கு அப்படிப் பேராம். "எங்க ஊர் கலைமானுக்கே ரெண்டு கொம்பு, நாங்க எதுக்குக் குறைச்சுக்கணும்?" என்றேன். கிளாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் கிழவர் குரலைத் தூக்கிட்டு மெஷின் குரல் போடுங்க, யோசிக்கிறேன்" என்றார். துவா, "அவர் குரலைத்தான் ஜனம் நம்புது. முடியாது" என்றாள். "அப்ப மூட வேண்டியதுதான். இல்லேன்னா இந்த ரூம்ல வேற தேவதூதர் யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். மூடினால் குரலும் நின்றுவிடுமாம். ஆல்கோட்டில் எனக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து நான் காப்பியைக் குடித்தேன். கொதித்துக்கொண்டிருந்தது. "ஸ்ஸுப்" என்று மூச்சை உள்ளே இழுத்துவிட்டேன். மதினி, நீங்கள் தெற்கே யோத்தபோரி நகரத்துக்குப் போனபிறகு வாயைத் திறந்து ஆமாம் சொல்லக் கற்றுக்கொண்டீர்கள். நம்ம ஊரில் அந்த மூச்சுதானே ஆமாம். கல்யாணத்தன்று பாதிரியாருக்கு நான் சொன்ன சம்மதமே அதுதான், நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். கிளாஸ் பதறிப்போய், "அம்மாவுக்கு மூச்சு முட்டுது, ஜன்னலைத் திறங்க" என்றார். துவா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் புது தேவதூதராக என் பேரை எழுதிவிட்டார்கள்.

ஆக, நான் ஒன்றும் செய்யவில்லை. நாக்கு சுட்டதெல்லாம் சம்மதமாகாது. நாளைக் காலையே போய் என் பேரை அடிக்கச் சொல்வேன், பங்கைக் கேட்பேன், கம்பெனிக்குப் பணம் போட ஆல்கோட்டின் படகையும் ஒருத்தனுக்கும் விற்க மாட்டேன். இது முடிவு.

தங்கள் முழங்கால் தங்களை இன்னும் நெடுங்காலம் சுமக்கட்டும். பூனைக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாய்கென்

பி.கு.: அன்று காப்பி ஆறித்தான் போயிருந்தது, மதினி. படகும் போன வாரமே விலைபோய்விட்டது. இன்று காலை போனைத் தொட்டேன். தாங்கும் என்கிறார்.