மண்டபத்தைத் தாண்டிப் போன மாப்பிள்ளை

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. மேடு எப்படி இருக்கும் என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு பாலத்தைத்தான் காட்ட வேண்டும். ஆகவே பிரேக் என்பது மலைநாட்டுக்காரருக்கு வேண்டிய சாமான், எங்களுக்கு ஹோர்ன் போதும் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று இருந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. முட்டாளாக இருப்பதற்கு அது கொஞ்சம் முற்றிய வயதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருடம்தான் தொண்டைமானாற்றில் ஒரு மீன் வியாபாரியிடம் பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். நாலு கதவு, பின்னால் திறந்த பெட்டி. நாங்கள் உரும்பிராயில் வெங்காயம் செய்கிற குடும்பம். மூட்டை ஏற்றவும் ஆகும், முன்னால் ஏறி உட்கார்ந்தால் பெரிய மனிதன் மாதிரியும் தெரியும் (இரண்டாவதுதான் முக்கிய காரணம்).

விற்ற மனிதர் நேர்மையானவர். “தம்பி, உதிலை பதினைஞ்சு வருசம் ஐஸ் போட்டு மீன் ஏத்தினது. உப்புத் தண்ணி முழுக்க அடியிலைதான் வடிஞ்சது. ஒருக்காக் கீழை படுத்துப் பாத்திட்டு வாங்குங்கோ” என்றார்.

நான் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். படுக்கவில்லை.

வாங்கிக்கொண்டு வந்த பிறகு எனக்குப் பதிலாக நவம் அண்ணைதான் படுத்தார். எங்கள் ஊரில் வாகனம் திருத்துகிறவர். கீழே கிடந்தபடியே பிரேக் ஒயில் போகிற இரும்புக் குழாயை ஒரு ஸ்குறூ டிறைவரால் மெல்லத் தட்டினார். துரு செதில் செதிலாக அவருடைய முகத்தில் கொட்டியது.

“டேய், பைப் முழுக்க அரிச்சுப்போய்க் கிடக்கு. உடனை மாத்து.”

“தங்கச்சியின்ரை கலியாணம் முடியட்டும் அண்ணை.”

“கலியாணத்துக்கும் பைப்புக்கும் என்னடா சம்பந்தம்?”

அப்போது எனக்கும் அது தெரியாது. ஆனால் சும்மா இருக்கவில்லை. மீன் வியாபாரியிடமே போய், வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ற் அரைவாசித் தகரம் வாங்கி வந்தேன். என்னுடைய விஞ்ஞானம் எளிமையானது: கடலுக்குள் கிடக்கிற வள்ளத்தையே காப்பாற்றுகிற பெயின்ற், றோட்டில் ஓடுகிற குழாயைக் காப்பாற்றாதா? துருவுக்கு மேலேயே மூன்று பூச்சுப் பூசினேன். குழாய் ஆனி மாத வானம் மாதிரி ஆனது.

நவம் அண்ணை மறுபடியும் படுத்துப் பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு. இனி ஓட்டை எங்கையெண்டு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பிறகு பிரேக் ஒயில் தினமும் கொஞ்சம் குறையத் தொடங்கியது. வெயில் காலம், வாகனத்துக்கும் தாகம் இருக்கும்தானே என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

இனிக் கல்யாணத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். வாசலில் அவருடைய காலைக் கழுவ வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். எல்லாத் தோழன்மாரும் வாடகைக் காரில் போவார்கள். நான் என் பிக்கப்பில்தான் போவேன் என்று நின்றேன்.

“உன்ரை மீன் பெட்டியிலையோ அவரை ஏத்திக்கொண்டு வரப்போறாய்?” என்று தங்கை வதனி கேட்டாள். அவள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அவளுக்கு முன்பு ஒரு சம்பந்தம் பேசி, நாளும் வைத்து, ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு அந்த மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு மூன்று வருடம் அம்மா ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. இந்தத் தடவை பிசகினால் அம்மா எழும்ப மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நான் பிக்கப்புக்குப் பூமாலை கட்டினேன்.

புத்தூரில் மாப்பிள்ளை கஜன் முன் ஆசனத்தில் ஏறினார். பின்னால் அவருடைய அக்கா மாலா, கணித ரீச்சர், கூறைச் சேலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்துப் புறப்பட்டோம். (பைப்புக்கு யாரும் பழம் வைக்கவில்லை.) நீர்வேலி தாண்ட வெயில் ஏறியது. பிக்கப் தன் பழைய வாழ்க்கையை நினைத்துக்கொள்ளத் தொடங்கியது.

“உதென்ன மணம்?” என்றார் மாலா அக்கா.

“மல்லிகைப்பூ அக்கா.”

“எங்கடை வீட்டு மல்லிகைக்குச் செதில் இல்லை” என்றார் அவர். அவர்கள் மூன்று தலைமுறையாகச் சைவம்.

உரும்பிராயில் மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பலமாக பிரேக்கை மிதித்தேன். பிக்கப் பாதி நின்றது, ஆடு தப்பியது. அந்த நேரம் காலடியில் ஏதோ மெல்ல விட்டுக்கொடுத்தது. அடுத்த மிதிக்கு பிரேக் தட்டு ஒரு எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது. கைப் பிரேக்கை இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது.

மண்டப வாசல் தெரிந்தது. ஆலத்தித் தட்டோடு அம்மா, நிறைகுடம், மேளக்காரர், அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுவதும். நான் ஹோர்னை அழுத்திப் பிடித்தேன். அதைச் சந்தோசம் என்று நினைத்த மேளக்காரர் இன்னும் வேகமாக அடித்தார்கள். கமராக்காரர் றோட்டோரத்துக்கு ஓடி வந்தார். நாங்கள் வாசலுக்கு வந்தோம். வாசலைக் கடந்தோம். தொடர்ந்து போனோம்.

வேகம் ஒன்றும் பெரிதில்லை. எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கக்கூடிய வேகம்தான், அதுதான் கொடுமை. கஜன் நல்ல வளர்ப்பு. பெரியவர்களைக் கண்டதும் பழக்க தோசத்தில் யன்னலால் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். வெளியே நின்றவர்களுக்கு அது விடைபெறுகிற மாதிரித்தான் இருந்திருக்கும்.

“நிப்பாட்டுங்கோ! எங்கை கொண்டு போறியள்?” என்று பின்னால் மாலா அக்கா கத்தினார். அதைவிடச் சத்தமாக மண்டபப் பக்கமிருந்து யாரோ கத்தியது கேட்டது: “ஐயோ, மாப்பிள்ளை போறார்!”

மேளம் நின்றது.

“மச்சான்,” என்றார் கஜன் அமைதியாக, “கிளச்சிலை இருந்து காலை எடுங்கோ.”

அப்போதுதான் பார்த்தேன். பயத்தில் கிளச்சையும் சேர்த்து மிதித்து, வண்டியை நானே தாராளமாக உருள விட்டிருந்தேன். காலை எடுத்ததும் எஞ்சின் இழுத்துப் பிடித்தது. இடப்பக்கம் வேலியில்லாத வெங்காயத் தோட்டம், அன்று காலைதான் தண்ணீர் இறைத்திருந்தார்கள். ஸ்ரியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்துத் திருப்பினேன். பிக்கப் செம்மண்ணுக்குள் அச்சுவரை புதைந்து நின்றது.

மாலா அக்கா தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். “கூறைக்கு ஒண்டும் இல்லை,” என்றார் என்னைப் பார்த்து. “உங்களுக்குத்தான் இருக்கு.”

“நீங்கள் இதிலையே இருங்கோ, நான் ஓடிப்போய் வேறை வாகனம் கொண்டு வாறன்” என்று கெஞ்சினேன்.

கஜன் கதவைத் திறந்து சேற்றில் இறங்கினார். முழங்கால்வரை போனது. “வேண்டாம் மச்சான். இப்ப அங்கை என்ன நினைச்சுக்கொண்டு நிப்பினம்? முதல் வந்தவன் மாதிரித்தான் இவனும் எண்டு நினைப்பினம். கெதியாய் வாங்கோ” என்றார். பிறகு பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால், தட்டு சரியாமல், கணித ரீச்சர்.

அம்மா றோட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஆலத்தி அணைந்து பக்கத்தில் கிடந்தது. முழங்கால்வரை சிவப்பாக, தலைப்பாகை சரிய ஓடி வருகிறவரைக் கண்டதும் எழும்பி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “வந்திட்டியளோ தம்பி, வந்திட்டியளோ” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். “பிரேக் இல்லை மாமி” என்றார் கஜன் மூச்சு வாங்க. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு முறைப்படி நான் மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். வழக்கமாக ஒரு செம்புத் தண்ணீரில் முடிகிற காரியம். எனக்கு மூன்று வாளி போனது. ஊர் முழுவதும் சுற்றி நின்று பார்த்தது. ஒருவரும் ஏசவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கஜன் குனிந்து எனக்கு மோதிரம் போட்டபோது, “நாளைக்கு அந்தப் பைப்பை ரெண்டு பேருமாய் மாத்துவம்” என்று காதுக்குள் சொன்னார். முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம் இருக்கத் தாலி ஏறியது.

மறுநாள் நவம் அண்ணை குழாயைக் கழற்றிக் கையில் தந்தார். துரு முழுவதும் உதிர்ந்து, ஒரு சாண் நீளத்துக்கு இரும்பே இல்லை. என் நீலப் பெயின்ற் மட்டும் குழாய் வடிவில் நின்றுகொண்டிருந்தது. “நீ பெயின்ற் அடிக்காட்டி இது ஒழுகிறது முந்தியே எங்கடை கண்ணிலை பட்டிருக்கும்” என்றார்.

கல்யாண வீடியோ கனடா, லண்டன் எல்லாம் போய்விட்டது. உறவினர் யாரும் தாலி கட்டுவதைப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை கும்பிட்டுக்கொண்டே படத்தை விட்டு வெளியே போகும் இடத்தை மட்டும் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். வதனியின் பிள்ளைகள் அதில் என் முகம் வரும் இடத்தில் நிறுத்திவைத்து, “மாமா, வாயை மூடுங்கோ” என்பார்கள்.

இன்றைக்கும் அவர்கள் வீட்டில் சின்னச் சண்டை வந்தால் வதனி, “வாசல்லை நிக்காமல் போன மனுசன்தானே நீங்கள்!” என்று தொடங்குவாள். கஜன் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: “போனது உன்ரை கொண்ணன்ரை பிக்கப். திரும்பி ஓடி வந்தது நான்.”

அதைக் கேட்டதும் வதனி எழும்பிப்போய் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவாள். எனக்கு ஊற்றுவதில்லை.