ப்ளோயர் பாயின் பிரேத விசாரணை

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், "உங்களை வாழ்க்கையில் அதிகமாக ஏசியது யார்?" என்று. பெற்ற தகப்பனார் இரண்டாவது இடத்துக்குத்தான் வருவார். முதலிடம் ப்ளோயர் பாய்க்கு. அதில் போட்டியே கிடையாது.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்குத் தெரியாது. ஒரு பழைய மொபெட், அதன் முன்னால் குழந்தையை நிறுத்திக் கூட்டிப்போகிற மாதிரி ஒரு பச்சை ப்ளோயர், பின்னால் ஸ்குரூ டிரைவர்கள் அடங்கிய மஞ்சப்பை. கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றித் தூசி ஊதுவதுதான் அவர் தொழில். ரிப்பேரும் பார்ப்பார். ஆனால் பாதி ரிப்பேர் ஊதினாலே போய்விடும் என்பது அவருடைய சித்தாந்தம்.

"அண்ணாச்சி, நம்ம ஊரு கரிசல் மண்ணு இருக்கே, மழை பெஞ்சா காலைப் பிடிக்கும். காஞ்சா கம்ப்யூட்டரைப் பிடிக்கும்" என்பார். எனக்குச் சொலவடை என்றால் உயிர். நான் அப்போது ஒரு தீப்பெட்டி ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க். பாய் வருகிற நாளில் ஒரு துண்டுக் காகிதத்தைத் தயாராக வைத்திருப்பேன். அவர் ஏச ஏச நான் எழுதிக்கொள்வேன். என்னை ஏசும்போதும் எழுதியிருக்கிறேன்.

வேலை முடிந்தால் எங்கள் ஆபீசில் பல பேர் சுவிட்சை நேராகச் சுவரில் அணைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். பாய் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார். "ஏ மக்கா, என்ன அக்கிரமம் பண்ணுதீங்க? பந்தியில சோத்துல கை வச்சு உக்காந்திருக்கவனை எலையோட சேத்துத் தெருவுல இழுத்துப் போட்ட மாதிரில்லா இருக்கு? 'போதுமாய்யா, எந்திரிக்கலாமா'ன்னு கேட்டு, அவன் கை கழுவுன பொறவுதான் லைட்டை அணைக்கணும்!" என்றார். ஷட் டவுன் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

ஊரெல்லாம் நடுங்கியது அவருடைய பிரேத விசாரணைக்குத்தான். பெட்டியைக் கழற்றியதும் தரையில் தினசரிப் பேப்பரை விரிப்பார். பெட்டியை அதன் மேல் கவிழ்த்துத் தட்டுவார். விழுகிற சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்குவார். அப்புறம் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, குற்றவாளியை அறிவிப்பார்.

"இது ஸ்டேப்ளர் பின்னு. இது பல்லி முட்டை, அதை விடுங்க, பல்லிக்கு நாம புத்தி சொல்ல முடியாது. இது என்னது? கடலைமிட்டாய்! இந்த மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்து கடலைமிட்டாய் திங்கது யாரு?"

எல்லோரும் தரையைப் பார்த்தோம். அது முதலாளியின் மெஷின்.

"மொதலாளி, வாயைத் தொறங்க."

"என்ன பாய், விளையாடுதீரா?"

"பல்லுல இன்னும் இருக்கு மொதலாளி. சாட்சி தானா வந்து நிக்குது."

முப்பது பேர் முன்னிலையில் நடந்தது இது. முதலாளி சிரித்துத்தான் வைத்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் அசல் வசூலாகவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

விளாத்திகுளத்தில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்கு ஒருமுறை பாயை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றிலும் ஆளுயரத்துக்கு வத்தல் மூட்டைகள். நடுவில் பாவப்பட்ட ஒரு கம்ப்யூட்டர். பாய் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். விரல் சிவந்தது.

"அண்ணாச்சி, இதை வெளிய கொண்டுபோய் ஊதணும்."

"எதுக்கு வெளிய? இங்கனயே ஊதும்யா. யாவாரம் நடக்குதுல்லா" என்றார் கடைக்காரர்.

பாய் துண்டை முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு ப்ளோயரைப் போட்டார். உள்ளே பல பருவங்களின் வத்தல் பொடி இருந்திருக்கிறது. பேரம் பேசிக்கொண்டிருந்த வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், தெருவில் படுத்திருந்த நாய் உட்பட அத்தனை ஜீவராசிகளும் தும்மின. அன்றைக்கு ஒரு மணி நேரம் விளாத்திகுளத்தில் ஒருவராலும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. கண்ணீர் வடிய வடியத் தெருவுக்கு ஓடிவந்த கடைக்காரரிடம், பின்னாலேயே வந்த பாய் துண்டுக்குள்ளிருந்து நிதானமாகச் சொன்னார்: "இப்ப நீங்க வெளிய வந்துட்டீங்க. இதைத்தான மெஷினுக்குச் செய்யச் சொன்னேன்."

பாஸ்வேர்ட் விஷயத்தில் அவர் இன்னும் மோசம். எங்கள் அக்கவுண்டன்ட் தன் பாஸ்வேர்டைத் திரையின் நெற்றியிலேயே ஒட்டி வைத்திருந்தார். "வீட்டைப் பூட்டிச் சாவியை நெலையில மாட்டிட்டுப் போறவனுக்குப் பூட்டு எதுக்கு?" என்று அதைக் கிழித்தார். அடுத்த மேஜைக்காரரிடம், "உமக்குக் குலசாமி எது?" என்றார். அவர் பக்தியோடு சொன்னார். பாய் அதைத் தட்டினார். திறந்துவிட்டது. "சாமிக்கு இருக்குற சோலி பத்தாதுன்னு இதுக்கும் காவலுக்கு வச்சிருக்கீரோ?"

என்னுடையதில் முதலில் என் மனைவி பெயரைத் தட்டினார். திறக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னல் வழியாக எட்டி என் பைக்கைப் பார்த்துவிட்டு வந்து நம்பரைத் தட்டினார். திறந்தது.

"பொண்டாட்டி பேரு இல்ல, பைக் நம்பரு! வீட்டுல சொல்லட்டுமா அண்ணாச்சி?"

அன்றைக்கே மாற்றினேன். இரண்டையும் கலந்து, நடுவில் வேறு சில சில்லறைச் சாமான்களையும் போட்டு, எனக்கே மறந்துபோகிற அளவுக்கு மாற்றினேன்.

இப்போது செண்பகம் அக்காவுக்கு வருகிறேன். லேபிள் செக்‌ஷனில் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் முதலாளி ஆபீசுக்குள் ஒரு நாற்காலி போட்டு, எந்த லாரியில் எத்தனை பண்டல் என்று லோடு லிஸ்ட் எழுத வைத்திருந்தார். அக்காவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அந்த நாற்காலிதான் அவருக்குப் பிழைப்பு.

அந்த வருஷம் முதலாளி சொல்லிவிட்டார்: "லோடு லிஸ்ட்டெல்லாம் இனிமே கம்ப்யூட்டர்லதான். தீவாளிக்குள்ள படிச்சுக்கிட்டா நாற்காலி. இல்லன்னா பழையபடி லேபிளுக்குப் போயிருங்க." செண்பகம் அக்கா அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

அக்கா படிக்கத்தான் செய்தார். ஆனால் கம்ப்யூட்டரிடம் அவருக்கு அபார மரியாதை. சம்பந்தி வீட்டு ஆளைப் போலப் பேசுவார். "இவிய இன்னைக்கு மொகமே குடுக்க மாட்டேங்காவ", "இவியளுக்கு நான் தொட்டது பிடிக்கல போலுக்கு" என்பார். ஒரு எழுத்தை அடித்துவிட்டு, அவிய கோபித்துக்கொண்டார்களா என்று திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஊரில் ஆயுத பூசை என்றால் ஸ்பேனருக்கும் பொட்டு உண்டு, ஸ்டூலுக்கும் பொட்டு உண்டு. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் வாட்ச்மேனுக்கும் வைத்துவிடுவார்கள். செண்பகம் அக்கா விடியற்காலையிலேயே வந்து, தான் படிக்கிற கம்ப்யூட்டருக்கென்று தனியாகச் சந்தனம் உரைத்தார். முன்பக்கம் பட்டை போட்டார். பென் டிரைவ் சொருகுகிற ஓட்டைக்குக் குங்குமம் வைத்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் காற்றாடிக்கு முன்னால் ஒரு சல்லடை. முகத்துக்கு மட்டும் வைத்து முதுகை விட்டால் அவிய வருத்தப்படுவார்களே! அங்கேயும் நாலு விரலால் தண்ணியாக வழித்துப் பூசினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அழகாகத்தான் இருந்தது.

பூசை அன்று யாரும் ஆயுதத்தைத் தொடக் கூடாது. சந்தனம் உள்ளே இறங்கி, நிம்மதியாகக் காய்ந்து, காற்றாடியைக் கல்லாக்க ஒரு பகல் ஓர் இரவு கிடைத்தது. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து அக்கா சுவிட்சைப் போட்டார். உள்ளே யாரோ பல்லை நறநறவென்று கடித்தார்கள். சூடு ஏறியது. ஆபீஸ் முழுக்கக் கர்ப்பகிரகம் போல மணந்தது. திரை கறுத்தது.

முதலாளி வந்தார். வடக்கே போக வேண்டியதென்று நான் அடித்து வைத்திருந்த அத்தனை லோடு லிஸ்ட்டும் அதற்குள்தான். "எவன்லே இதுல கை வச்சது? எவனா இருந்தாலும், எவளா இருந்தாலும், இன்னைக்கே ஆபீஸ் ரூமை விட்டு வெளிய!" செண்பகம் அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் டெஸ்பாட்ச் நோட்டைப் புரட்டத் தொடங்கினேன். என் வீரம் அவ்வளவுதான்.

பாய் வந்தார். பெட்டியைக் கழற்றினார். வழக்கம் போலப் பேப்பரை விரித்தார். நாங்கள் எல்லோரும் வழக்கம் போல நின்றோம். தட்டினார். காய்ந்த சந்தனம் பாளம் பாளமாக விழுந்தது. குங்குமம், அரைத் துளசி இலை. பாய் நிமிர்ந்து வரிசையாக எங்கள் கைகளைப் பார்த்தார். செண்பகம் அக்காவின் நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. அக்கா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

முதலாளி தன் ரூமிலிருந்து வந்து சேர்வதற்குள் பாய் பேப்பரைச் சுருட்டினார்.

"சொல்லும் பாய், யாரு?" என்றார் முதலாளி.

"நாந்தான் மொதலாளி."

"என்னது?"

"போன மாசம் ஊதிட்டு மாட்டும்போது காத்தாடி ஸ்குரூவைச் சரியா முடுக்கல. அது முட்டி நின்னுருக்கு. லிஸ்ட்டெல்லாம் பத்திரமா இருக்கு, வேற காத்தாடி போட்டா ஓடும். தப்பு எம்மேலதான்."

முதலாளி மூக்கை உறிஞ்சினார். "அப்ப இந்தச் சந்தன வாசம்?"

"அத்தரு மொதலாளி. சந்தன அத்தரு. இன்னைக்குக் கொஞ்சம் கூடப் பூசிட்டேன்."

"நீரு வாரதுக்கு முந்தியே மணந்துச்சேய்யா!"

பாய் தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துக்கொண்டார். "நல்ல அத்தருன்னா அப்படித்தான் மொதலாளி."

யாரும் சிரிக்கவில்லை. கடலைமிட்டாய்க்கான பாக்கியும் சேர்த்து அன்றைக்கு முதலாளி வசூலித்துவிட்டார். "ஊருக்கெல்லாம் குத்தம் சொல்லுத, ஒனக்கு ஒரு ஸ்குரூ முடுக்கத் தெரியல. இனிமே எங்கம்பெனிப் படி ஏறாத." காற்றாடியை மாற்றி ஓடவிட்டுவிட்டு, பாய் ப்ளோயரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அக்கா வலிக்கிற முட்டியோடு படியிறங்கிப் பின்னாலேயே ஓடினார். நானும் போனேன். மொபெட் பக்கத்தில் நின்று அக்கா அழுதார். பாய்க்கு அழுகிறவர்களிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாது. ஆகவே ஏசினார்.

"பொட்டை நெத்தியில வைக்கணும் தாயி. மூக்குக்குள்ள போட்டு அடைச்சா யாருதான் பொழைப்பா? அது மூச்சு விடுத எடம். சும்மா அழுவாத. சாப்பாட்டு நேரத்துக்கு நம்ம கடைக்கு வா. தீவாளிக்கு இருவது நாளு கெடக்கு."

அக்கா தினமும் போனார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பாய் கடை. அங்கிருந்து கேட்ட சத்தத்தை வைத்தே அக்காவின் பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். "தெரியாதவன் அனுப்புனதை எதுக்குத் தாயி தொறக்க? வாசல்ல வந்து 'பலகாரம் கொண்டாந்திருக்கேன், கதவைத் தொற'ன்னா தொறந்துருவியா?" என்று ஒரு நாள். "கடிக்காது தாயி, நல்லா அமுக்கு!" என்று இன்னொரு நாள். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. "கடிக்கது நீருதான் பாய்" என்று ஒரு நாள் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்வி.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் முதலாளி அக்கா பின்னால் வந்து நின்றார். லோடு லிஸ்ட் முழுவதையும் அக்கா தன் கையால் அடித்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். முதலாளி மேலும் கீழும் பார்த்தார். "சரி, இருங்க" என்றார். நாற்காலி நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா மறுபடி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஏதோ தட்டினார். இன்னொரு காகிதத்தைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

'மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு. ஆயுத பூசைக்கு கம்ப்யூட்டரின் பின்பக்கம் சந்தனம் பூசியது நான். பாய் மேல் குற்றம் இல்லை. அவர் அத்தர் பூசுகிற ஆளே இல்லை. என்னை லேபிளுக்கு அனுப்பினாலும் சம்மதம். இப்படிக்கு செண்பகம்.'

முதலாளி இரண்டு தடவை படித்தார்.

"இதை யாரு அடிச்சுக் குடுத்தா?"

"நாந்தான் மொதலாளி."

"தனியாவா?"

"தனியாத்தான்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்த அத்தர்க்காரனுக்கு ஒரு போனைப் போடும்யா" என்றார். அக்காவைப் பார்த்து, "நீங்க எதுக்கு நிக்கீங்க? முட்டி வலிக்கும், போய் உக்காருங்க" என்றார்.

பாய் வந்தார். முதலாளி நீட்டிய காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். நெடுநேரம் படித்தார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. கடைசியில், "தாயி, இன்னொண்ணு பிரிண்ட் எடு" என்றார்.

"எதுக்கு பாய்?"

"சும்மாதான். பிரிண்டர் நல்லா ஓடுதான்னு பாக்கணும்."

பிரிண்டர் நன்றாகத்தான் ஓடியது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மொபெட் சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, அக்காவிடம் சொல்லி எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.