ஒப்பந்தம் அண்ணையும் வானத்துக் கவசமும்

இரண்டு வல்லரசுகளையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு, அடுத்த மூச்சில் மைக்ரோவேவில் மீன்குழம்பு சூடாக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் கனடாவில், மார்க்கம் நகரத்தில் ஓர் எலெக்ட்ரோனிக்ஸ் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து சர்க்கியூட் பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஒப்பந்தம் அண்ணை.

அந்தப் பெயர் வந்தது ஒரு பனிக்காலக் காலையில். கறுப்புச் சட்டையும் சவரம் செய்யாத முகமுமாக வந்து நின்றார். எங்கள் லைனுக்குப் பொறுப்பான சுகந்தி பதறிப்போனார்.

"ஆரண்ணை தவறினது?"

"ஒப்பந்தம் செத்துப்போச்சு, பிள்ளை. இருந்த கடைசி ஒப்பந்தம்."

எங்கள் ஸ்காபரோப் பக்கத் தமிழனுக்கு ஒப்பந்தம் என்றால் ஒன்றுதான்: வீடு. மத்தியானத்துக்குள் மூன்று பேர் அவருக்கு வக்கீல்களின் நம்பர் கொடுத்துவிட்டார்கள். "கவலைப்படாதேங்கோ அண்ணை, ரூஜ் பக்கம் இதைவிட நல்ல வீடு வரும்" என்று ஒருவர் முதுகைத் தடவினார். அண்ணை வெடித்தார்.

"வீடில்லையடாப்பா, அணுகுண்டு! ஆளுக்கு இவ்வளவுதான் வைச்சிருப்பம் எண்டு ரெண்டு வல்லரசும் எழுதிவைச்ச கடதாசி. அது காலாவதி. இனி எண்ணவும் ஆளில்லை, எட்டிப் பாக்கவும் ஆளில்லை!"

அன்றைக்கே இரண்டு நாட்டுத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார். தமிழில்.

"அண்ணை, இங்கிலிஷில எழுதியிருக்கலாமே?" என்றேன்.

"ஐசே, இங்கிலிஷில எழுதினால் ஒருத்தருக்குச் சார்பாப் போயிடும். தமிழ் எண்டால் ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம்."

பதில் வரவில்லை. "மொழிபெயர்க்கினம்" என்றார் உறுதியாக.

ஏவுகணைக் கவசம் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு இரத்தம் கொதிக்கும். "வாறதை வானத்திலயே தடுக்கிறது நல்லதுதானே?" என்று ஒருநாள் சாப்பாட்டு அறையில் சுகந்தி அப்பாவியாகக் கேட்டுவிட்டார். அண்ணை ஆட்டிறைச்சி ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். மேசையின் ஒரு முனையில் சுகந்தி, மறுமுனையில் அவர், நடுவில் நான்.

"உமக்குப் பத்து ரோல்ஸ், எனக்குப் பத்து. நீர் எறிஞ்சால் நானும் எறிவன் எண்டு உமக்குத் தெரியும். அந்தப் பயத்திலதான் ரெண்டு பேரும் சும்மா இருக்கிறம். இப்ப நீர் அந்த மூடியைக் கவசமாப் பிடியும். இனி உமக்குப் பயமில்லை, எனக்குத்தான் பயம். நான் என்ன செய்வன்? நூறு ரோல்ஸ் சுடுவன்!"

சொன்னதோடு நிற்கவில்லை, எறிந்தார். முதலாவதைச் சுகந்தி மூடியால் அழகாகத் தடுத்தார். இரண்டாவது மூடிக்கு மேலால் பறந்து, பாதுகாப்பு விதிகள் ஒட்டியிருந்த சுவரில் குழம்பாக இறங்கியது. தடுபட்ட ரோல்ஸ் உடைந்து என் தலையெல்லாம் உருளைக்கிழங்கு.

அண்ணை என்னைக் காட்டினார். "பாத்தியளோ? உவர்தான் நடுவில கிடக்கிற கனடா. சண்டை அவையளுக்குள்ள, விழுறது உவற்ற தலையில!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "மேலயிருந்து விழுறதுக்குக் கீழ நிண்டவன் நான்" என்றார். யாழ்ப்பாணத்தில் விமானம் போட்ட குண்டுகளைப் பற்றி அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை.

கொஞ்ச நாளில் தொழிற்சாலைக்குப் பெரிய ஓர்டர் வந்தது. கேக் வெட்டினார்கள். ஏவுகணைக் கவசத்தின் ராடருக்குப் பலகைகள் செய்யப்போகிறோம், இது முழுக்கப் பாதுகாப்புக்கான பொருள் என்று மனேஜர் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் கைதட்ட, அண்ணையின் கை மட்டும் உயர்ந்தது.

"சேர், ஷீல்ட் ஆல்சோ வெப்பன். ஐ நோ டூ."

கவசமும் ஆயுதம்தான், நான் செய்யமாட்டேன் என்று தன்னுடைய இங்கிலிஷில் சொல்லிவிட்டார். கேக்கையும் அவர் தொடவில்லை.

சுகந்தி அவரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணை, நீங்கள் செய்யாட்டி இன்னொருத்தர் செய்வார். உலகம் மாறாது."

"மாறாட்டிப் போகட்டும். அவர் செய்யட்டும். என்ர கை செய்யாது."

அவரைச் சாமான் அனுப்பும் பகுதிக்கு மாற்றினார்கள். வாசல் திறந்தபடி கிடக்கும், காற்று எலும்பில் ஏறும் இடம். முறைப்பாடு இல்லாமல் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினார். ஒருநாள் ராடர்ப் பலகைகள் பெட்டிகளில் அங்கே வந்து சேர்ந்தன. டேப்பைக் கீழே வைத்தார். வைத்தது வைத்ததுதான்.

அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தானாகவே விலகுவதாக எழுதினால் நல்ல சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். மொழிபெயர்க்கச் சுகந்தி போயிருந்ததால் அண்ணையின் பதில் எங்களுக்கு முழுதாகவே கிடைத்தது: "நான் விலகேல்லை. நீங்கள்தான் விலத்திறியள். ஏன் எண்ட காரணத்தையும் போட்டு எழுத்தில தாங்கோ."

தந்தார்கள். அதைச் சட்டம் போட்டு, மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் வீட்டில் மாட்டினார். "உந்த ரெண்டும்தான் இந்த நாட்டில எங்களுக்குக் கிடைச்ச பட்டம்" என்று மனைவி வருகிறவர்களுக்குக் காட்டுவார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமை மனைவி அவரைக் காரில் கொண்டுவந்து தொழிற்சாலைக்கு எதிரே நடைபாதையில் இறக்கிவிட்டார். கையில் பெரிய மட்டை. "கவசத்தை விடுங்கள், இருந்து பேசுங்கள்" என்று சிவப்பு எழுத்து, தமிழில். மார்க்கத்தில் தெருவோரம் தமிழ்ப் பலகை தெரிந்தால் சனம் வேறென்ன நினைக்கும்? ஓர் அன்ரி காரை நிற்பாட்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணை, எத்தினை பெட்ரூம்?"

அவருக்கும் பத்து நிமிடம் வகுப்பு நடந்தது. போகும்போது அந்த அன்ரி மட்டையின் மூலையில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனாராம்.

ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். ஓர்டர் நிற்கவில்லை. ஆனால் உள்ளே ஒன்று நடந்தது. ராடர் லைனில் வேலை செய்ய மனமில்லாதவர்கள் பெயர் எழுதலாம், வைத்தியசாலைக் கருவி லைனுக்கு மாற்றித் தரும்படி கேட்பேன் என்று சுகந்தி ஒரு தாளை ஒட்டினார். முதல் பெயராகத் தன்னுடையதையே எழுதியிருந்தார். நாலு பேர் எழுதினார்கள். மனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றினார்.

நான் எழுதவில்லை. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். மூன்று செவ்வாய்கள் அவரைப் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டேன். நாலாவது செவ்வாய், போகிற வழியில் அந்தத் தாளில் பெயரை எழுதிவிட்டு, இரண்டு தேத்தண்ணியோடு வெளியே போனேன்.

காற்று மட்டையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு கரையை நான் பிடித்தேன்.

"ஐசே, மனேஜரின்ர ஜன்னல் நேர இருக்கு. உம்மைக் காணப்போறார்."

"காணட்டும் அண்ணை."

அவர் தேத்தண்ணியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வகுப்பைத் தொடங்கினார். பத்து வருடமாக அவருடைய பேச்சிலிருந்து எப்படித் தப்பலாம் என்று பார்த்தவன் நான். அன்றைக்கு அரைமணி நேர இடைவேளை எனக்குப் போதவில்லை.