ஊசி டப்பாவில் வைத்த குரல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன், பாதி மறந்தும் போகிறது. நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சம் என்பதால்தான் எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு, தப்பு என் மேலா என் தம்பி மேலா என்று மட்டும் பஞ்சாயத்துக்கு வராதீர்கள். அது எங்கள் வீட்டில் இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். உள்ளே அத்தனை மெஷினும் தடதடத்தாலும் அவர் பேசுவது கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்குக் கேட்கும். எதையும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார். "ஒரு தடவதான் சொல்லுவேன்" என்பார். என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் "இந்தா"தான். (என் பெயர் கிருபை. ரேஷன் கார்டில் பார்த்திருப்பார்.)

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆள் வேண்டுமென்றால் குரல் பெட்டியை எடுத்தாக வேண்டும் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் மகள் மெர்சியின் கல்யாணமோ அதற்கும் ஒன்றரை மாதம் கழித்து. எங்கள் சபையில் கல்யாண வரவேற்பில் பெண்ணின் அப்பா எழுந்து ஆசீர்வாதமாக நாலு வார்த்தை பேச வேண்டும். மெர்சி மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுவாத. மாமா கொரல இப்பவே ரெக்கார்ட் பண்ணிக்கலாம்" என்றான் என் தம்பி சாலமன். அவன் வேலூரில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். அந்த மூன்று மாதத்துக்காக நாங்கள் அவனிடம் முப்பது வருஷம் மரியாதையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தான்.

முதலில் அவனுடைய கம்ப்யூட்டர் வந்தது. ஷேர் ஆட்டோவில் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அதில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. பேசினால் திரையில் பச்சைக் கோடு மேலும் கீழும் குதிக்கும். அவர் வலியோடு பத்து நிமிஷம் பேசினார். பச்சைக் கோடு குதித்ததை நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். போட்டுக் கேட்டால் ஒரு நிமிஷம்தான் இருந்தது. காசு கொடுத்து வாங்காத சாஃப்ட்வேர் அவ்வளவுதான் சேர்த்து வைக்குமாம். அது இங்கிலீஷில் முதலிலேயே எழுதிக் காட்டியதாம், இவன்தான் படிக்காமல் அமுக்கிவிட்டான். அந்த ஒரு நிமிஷத்திலும் பாதி இருமல், மீதி கம்ப்யூட்டருக்குள் சுற்றும் விசிறியின் இரைச்சல்.

"இன்னாடா இது, மாவு மெஷின் உள்ள குந்தி பேசின மாதிரி கீது?" என்றார் இவர்.

"மாமா, வேற சாஃப்ட்வேர் போட்டா சுத்தம் பண்ணிடலாம்."

"என் தொண்டைய அதுக்குள்ள டாக்டரே சுத்தம் பண்ணிடுவாரு, போடா."

அடுத்தது வீடியோ. கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த வீடியோக்காரர் கேமராவும் இரண்டு பெரிய விளக்கும் கொண்டுவந்தார். வெளிச்சம் கழுத்து வீக்கத்தில் விழுந்ததுமே இவர் எழுந்துவிட்டார். "வெட்றதுக்கு முன்னாடி ஆட்ட போட்டோ புடிக்கிறீங்களா?" என்றார். விளக்குகள் வந்த வழியே போயின.

கடைசியில் நான்தான் லாங் பஜாருக்குப் போனேன். அங்கே ரேடியோ ரிப்பேர் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் ரெக்கார்ட் பண்ணும் டேப்பும், தனியாக ஒரு மைக்கும், புது கேசட்டும் வாங்கினேன். காதில் மாட்டிக் கேட்கிற ஹெட்போனையும் கொடுத்தார்.

"அக்கா, மெஷின் பெருசா சின்னதான்னு பேஜார் ஆவாதீங்க. மைக்கு வாய்க்குக் கிட்ட இருக்கணும், ஃபேன் ஓடக்கூடாது. எடுத்த அன்னிக்கே இன்னொரு காப்பி போட்டு வெச்சிடுங்க. அவ்ளோதான்."

மூன்றே மூன்று விஷயம். நாங்கள் இரண்டு செய்தோம்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும் இவர் மைக் எதிரில் உட்கார்ந்தார். சாலமன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குரலுக்குத் தகுந்தபடி மெஷினில் கூடிக் குறைந்து எரிகிற சிவப்பு விளக்கையே பார்த்தபடி தரையில் குந்தினான். நான் கதவோரம் நின்றேன்.

"நீ வெளிய போ" என்றார் இவர்.

"ஏன், நான் கேட்டா இன்னா?"

"உனக்கும் ரெண்டு வார்த்த சொல்றதுக்கு கீது. நீ எதிர்ல நின்னா வராது. கல்யாணத்துல எல்லாரோட சேர்ந்து கேட்டுக்க."

எனக்கு ரெண்டு வார்த்தை! இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. முகம் சூடாகிப்போய் வெளியே வந்தேன். பத்து விநாடி ஆகியிருக்காது. உள்ளிருந்து சத்தம்: "இந்தா! ஃபேன நிறுத்து!" ஓடிப்போய் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். டேப்பை நிறுத்தாமலே ஓடவிட்டிருந்தான் சாலமன்.

கதவில் காதை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வாயில்லாப்பூச்சியான நான் அன்று தெருவில் காவல் நின்றேன். மீன்காரம்மாவைக் கும்பிட்டு அடுத்த தெருவுக்கு அனுப்பினேன். தோல் ஏற்றிப் போகும் லாரிக்காரரிடம் ஹாரன் அடிக்காதீங்கண்ணா என்று கெஞ்சினேன். எனக்கென்று சொல்லப்படுகிற ரெண்டு வார்த்தையைச் சுற்றி, எனக்கே கேட்காத அளவுக்குப் பத்திரமாக வேலி போட்டேன்.

கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பேசினார். சாலமன் ஆரம்பத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கொரல் கண்ணாடியாட்டம் கீதுக்கா" என்றான். மீதியைக் கேட்கக் கூடாது, கல்யாணத்தில்தான் போட வேண்டும் என்பது இவர் கட்டளை. காப்பி? "டேப்ல இருந்து டேப்புக்கு எடுத்தா தரம் கம்மியாய்டும். சரியான சாஃப்ட்வேர் கெடைக்கட்டும், கம்ப்யூட்டர்ல ஏத்தி இரைச்சல எடுத்துட்டு சி.டி.யே போட்டுடலாம்." அந்தச் சரியான சாஃப்ட்வேர் இன்று வருகிறது, நாளை வருகிறது என்று வாராவாரம் சொன்னான். இரட்சகரின் வருகையைக்கூட நாங்கள் அப்படி எதிர்பார்த்திருக்க மாட்டோம்.

அதுவரை கேசட்டைப் பத்திரமாக வைக்க வேண்டுமே. யாரும் மேலே வேறு பதிந்துவிடாமல் இருக்க அதன் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்தேன். (பாய் சொல்லிக் கொடுத்திருந்தார்.) பிறகு எங்கள் வீட்டிலேயே பத்திரமான இடத்தில் வைத்தேன். அதுதான் ஊசி டப்பா.

நான் வீட்டில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பவள். மெஷினில் ஊசி உடைந்தால் ஒவ்வொரு துண்டையும் பொறுக்கிக் கம்பெனியில் காட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் புது ஊசி தர மாட்டார்கள். எங்கோ ஒரு குழந்தையின் காலில் குத்திவிடும் அல்லவா? அதனால் ஊசி பொறுக்க ஒரு பெரிய வட்டக் காந்தம் வைத்திருந்தேன். உடைந்த துண்டெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு டப்பாவில் இருக்கும். பத்து வருஷத்தில் ஒரு துண்டுகூடத் தொலைந்ததில்லை. அந்தக் காந்தத்தின் மேலேயே கேசட்டை வைத்து மூடினேன். தினமும் ஊசி எடுக்கும்போது தொட்டுப் பார்த்துக்கொள்வேன். உள்ளே எனக்கு ரெண்டு வார்த்தை இருக்கிறதே!

கல்யாண நாள். மண்டபம் நிறைய ஜனம். இவர் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர், "பெண்ணின் தகப்பனார் இப்போது பேசுவார்" என்றதும் எல்லோரும் கண்ணைத் துடைக்கத் தயாரானார்கள். சாலமன் கேசட்டை மைக்செட்டில் போட்டான்.

"ஸ்ஸ்ஸ்..." என்று எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம். அப்புறம், மண்டபமே அதிர, அதே பழைய குரல்:

"இந்தா! ஃபேன நிறுத்து!"

மண்டபத்து ஆள் பயந்துபோய் எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டார்.

மே மாதம். ஆம்பூர். உள்ளே முந்நூறு பேர். மறுபடியும் அப்பளம் பொரிந்தது. குரல் வரும் வரும் என்று யாரும் ஃபேனைப் போடவும் சொல்லவில்லை. பாஸ்டரின் அங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொண்ணோட அப்பா ரொம்ப சிக்கனம் போல, கரண்ட மிச்சம் பண்ணச் சொல்றாரு" என்றார். மண்டபமே சிரித்தது. இவரும் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. நானும்தான்.

மறு வாரம் கேசட்டைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன். எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"பழைய ஸ்பீக்கர ஒடச்சு நான் சும்மா குடுத்தேனே, அந்தக் காந்தமாக்கா?"

"அதான் பாய்."

"டேப்புல இருக்கறத காந்தம் தின்னுடும்க்கா. தூர இருந்த துண்டு மட்டும் தப்பிச்சிருக்குது."

வீட்டுக்கு வந்து இவருடைய சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அதில் எழுதித்தான் பேசுவார். "எனக்கு ரெண்டு வார்த்த சொன்னீங்களே, அது இன்னா?" என்றேன். பலப்பத்தை எடுத்து நிதானமாக எழுதினார்: ஒரு தடவதான் சொல்லுவேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். இரண்டு தடவை கேட்டேன். அதையேதான் எழுதினார். பிறகு போய்விட்டார்.

சாலமனையும் கேட்டேன். கூடவே உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி முழுக்கக் கேட்டவன் அவன் ஒருத்தன்தானே? தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "வார்த்தைய கவனிக்கலக்கா. சிவப்பு லைட்டு ஜாஸ்தி ஆவுதா கம்மி ஆவுதான்னு பார்த்துனு இருந்தேன். லெவல் கடைசி வரைக்கும் கரெக்டா இருந்துச்சு."

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினால், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "இந்தா, ஃபேன நிறுத்து!" பேரப்பிள்ளைகள் அவரைப் பார்த்ததே இல்லை, அவர்களும் சொல்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மிச்சமிருப்பது எனக்குச் சொன்னதுதானே.

நடந்தது இரண்டாயிரத்து இரண்டா, மூன்றா என்று நினைவில்லை. மீன்காரம்மா வந்தது அந்த ஞாயிறுதானா என்றும் சந்தேகமாக இருக்கிறது. மெர்சி, நீ படித்து, தப்பு இருந்தால் திருத்து. அப்படியே சாலமனை இன்னொரு தடவை கேட்டுப் பார். வார்த்தை வேண்டாம். நடுவில் எப்போதாவது அந்தச் சிவப்பு விளக்கு கொஞ்சம் கம்மியாக எரிந்ததா என்று மட்டும் கேள். மெதுவாக ஏதாவது சொல்லியிருந்தால் அப்படித்தான் எரிந்திருக்கும்.